புல்வெட்டும் இயந்திரமும் நமது தராசும்

வணிகப் பெருமக்களின் கவனத்திற்கு ஒரு சிறிய சரக்கைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். சரக்கு சிறியதுதான். ஆனால் அது நம்முன் வைக்கும் கேள்வி சிறியதல்ல.

ஹார்டுவேர் கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் விவசாயக் கருவிகள் விற்கும் கடைகளிலும் பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் மெல்ல மெல்ல இடம் பிடித்து வருகிறது. பெட்டியின் மேல் ‘கார்ட்லெஸ் லான் மூவர்’ என்று அச்சிட்டிருக்கும். கோவையில் தோட்டத்துடன் கூடிய வீடுகள், ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலையூர்களின் பங்களாக்கள், சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தனி வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று வீட்டுமுன் புல்தரை வைத்திருப்போர் இதை விசாரித்து வருகிறார்கள். தோட்டவேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில் இந்த விசாரிப்பு இனியும் கூடுமே தவிரக் குறையாது.

இந்தச் சரக்கை நாம் எப்படி அளந்து விற்கிறோம் என்பதே நம் கேள்வி. அரிசியைக் கிலோவில் விற்கிறோம். எண்ணெயை லிட்டரில் விற்கிறோம். துணியை மீட்டரில் விற்கிறோம். பேட்டரி இயந்திரத்தை மட்டும் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள ஒரு பெரிய எண்ணைக் காட்டி விற்கிறோம். அந்த எண் உண்மையா, பொய்யா என்று பார்ப்பவர் நம்மில் சிலரே. முத்திரையில்லாத எடைக்கல்லைக் கடையில் வைத்திருக்க நாம் ஒப்புவோமா? ஒப்பமாட்டோம். அப்படியானால் இதை மட்டும் எப்படி ஒப்புகிறோம்?

இயந்திரம் வந்த வழி

புல்வெட்டும் இயந்திரம் நெசவுத் தொழிலின் குழந்தை என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணி ஆலைகளில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்க ஓர் உருளைக் கத்தி உண்டு. அதே உருளையைத் தரைமேல் உருட்டினால் புல்லும் சீராக வெட்டுப்படும் என்பதே அவர் கண்ட யோசனை. அதுவரை புல்தரையைச் சமப்படுத்தியது ஆட்டு மந்தையும் அரிவாளும்தான்.

பின்னர் பெட்ரோல் என்ஜின் வந்தது. அதன்பின் ஒயர் இழுத்து ஓட்டும் மின்சார இயந்திரம் வந்தது. 1991-இல் லித்தியம் அயன் பேட்டரி வணிகமுறையில் விற்பனைக்கு வந்த பிறகு கையடக்கக் கருவிகளின் கதையே மாறிவிட்டது. துளையிடும் டிரில்லில் தொடங்கி இன்று புல்வெட்டும் இயந்திரம் வரை வந்து நிற்கிறோம்.

வெளிநாடுகளில் இந்த மாற்றத்தைச் சட்டமும் தள்ளிவிடுகிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் பெட்ரோலில் ஓடும் இலை ஊதிகளுக்குத் தடை. கலிபோர்னியா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றி, 2024-ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய சிறு பெட்ரோல் தோட்டக் கருவிகளின் விற்பனைக்குக் கதவடைத்தது. தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுவது, புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசைப் பொறுத்தவரை, ஒரு புதிய காரை ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம் என்பது அம்மாநிலக் காற்று வாரியத்தின் கணக்கு.

நம் ஊரில் அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இதைத் தள்ளவில்லை. இங்கே வாடிக்கையாளரைத் தள்ளுவது வசதி. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்க வேண்டியதில்லை. பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லையில்லை. ஒயர் நீளம் போதவில்லை, கத்தியில் ஒயர் சிக்கிக்கொண்டது, ஈரப்புல்லில் மின்கசிவு என்ற அச்சங்கள் இல்லை. வீட்டு அம்மா தாமே ஓட்டலாம். அறுபது வயதைக் கடந்த பெரியவரும் ஓட்டலாம். அடுத்த வீட்டுக்காரர் பகல் தூக்கம் கலைந்தது என்று சண்டைக்கு வரமாட்டார்.

ஓட்டும் செலவும் குறைவு. 144 வாட்-அவர் பேட்டரியை ஒருமுறை நிரப்ப, சார்ஜரில் ஏற்படும் விரயத்தையும் சேர்த்து, ஐந்தில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் போதும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் செலவு 2 ரூபாய்தான். சென்னையில் பெட்ரோல் 2021-லேயே லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டுவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

ஆக, சரக்கு நல்ல சரக்கு. இதில் நமக்கு ஐயமில்லை. ஐயம் எல்லாம் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பற்றித்தான்.

வோல்ட் என்னும் வித்தை

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருப்பவை சிறு சிறு செல்கள். கருவிகளில் பயன்படும் வகைச் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் ஏறியவுடன் 4.2 வோல்ட் காட்டும். 5 செல்களைத் தொடராக இணைத்தால் சராசரி 18 வோல்ட்; முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஒரே பேட்டரியை ஒரு நிறுவனம் 18 வோல்ட் என்றும், மற்றொன்று 20 வோல்ட் ‘மேக்ஸ்’ என்றும், வேறொன்று 21 வோல்ட் என்றும் விற்பதன் இரகசியம் இதுவே. அதேபோல 10 செல் தொடரை 36 என்றும் சொல்லலாம், 40 ‘மேக்ஸ்’ என்றும் சொல்லலாம். இதுவரை ஏற்கத்தக்கதே.

ஆனால் சந்தையில் இதற்கு மேலும் நடக்கிறது. 48, 88, 98 என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டிகள் வருகின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் ‘வி.எஃப்.’ என்று ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். அது வோல்ட் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார். கேட்டால் அது மாடல் பெயர் என்று விற்றவர் சொல்லிக்கொள்ளலாம். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் அதே 5 செல் தொடர்தான். அதே 18 வோல்ட்தான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை வோல்ட் மட்டும் சொல்லாது. பெட்டியில் ‘ஏ.எச்.’ என்று குறிக்கப்படும் ஆம்பியர்-அவரும் மட்டும் சொல்லாது. இரண்டையும் பெருக்கினால் வருவதே வாட்-அவர். அதுவே சரக்கின் உண்மையான அளவு. தண்ணீர்த் தொட்டியில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைப் போன்றது அது.

18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட்-அவர்.
18 வோல்ட், 4 ஏ.எச். என்றால் 72 வாட்-அவர்.
36 வோல்ட், 4 ஏ.எச். என்றால் 144 வாட்-அவர்.

இனி அந்த ‘88’ பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 1.5 ஏ.எச். திறனுள்ள 10 செல்கள், ஐந்தைந்தாக இரு வரிசையில் இருப்பதாகக் கொள்வோம். உண்மை அளவு 18 வோல்ட், 3 ஏ.எச்.; அதாவது 54 வாட்-அவர். 88-ஐ வோல்ட் என்று நம்பி வாங்கியவர் மனத்தில் இருப்பதோ 264 வாட்-அவர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! ஒரு கிலோ கேட்டவருக்கு 200 கிராம் கட்டிக் கொடுத்த கதை இது.

எடைக்கல்லே காட்டிக்கொடுக்கும்

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டுமா? வேண்டாம். நம் கடையில் உள்ள தராசே போதும்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு ஓர் இயற்கை எல்லை உண்டு. கருவிகளுக்கான பேட்டரி, மேலுறையுடன் சேர்த்து ஒரு கிலோ எடை இருந்தால் அதில் 150 வாட்-அவருக்கு மேல் இருப்பது அரிது. மலிவான செல்களாக இருந்தால் நூறுகூட இருக்காது. ஆகவே, பெட்டி சொல்லும் வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்குங்கள். பேட்டரியைத் தராசில் வையுங்கள். 600 கிராம் எடையுள்ள பேட்டரி 264 வாட்-அவர் என்று சொன்னால் அது பொய் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கொள்முதல் செய்யும்போது இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும். மொத்த வியாபாரிகள் இதைத் தங்கள் வழக்கமாக்கிக்கொண்டால் பொய்ப் பெட்டிகள் சில்லறைக் கடை வரை வந்து சேரவே சேரா.

1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, படியும் வீசையும் பலமும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தபோது வணிகர்கள் எவ்வளவோ சிரமப்பட்டார்கள். ஆயினும் ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் மாறும் அளவை நம்பி வியாபாரம் பெருகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டுதோறும் முத்திரை ஆய்வாளரிடம் தராசைக் காட்டி முத்திரை பெறுவதை நாம் ஒரு கடமையாகச் செய்து வருகிறோம். பேட்டரி வணிகத்தில் அந்த முத்திரையை எந்த அதிகாரியும் வந்து போடப்போவதில்லை. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ட் கணக்கில் சொல்லுவோம்

வாடிக்கையாளரிடம் வாட்-அவர் என்று சொன்னால் அவருக்குப் புரியுமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவருக்குப் புரிவது சென்ட். ஆகவே சென்ட்டில் சொல்லுவோம்.

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். நல்ல நிறுவனங்கள் 36 வோல்ட், 4 ஏ.எச். பேட்டரிக்குச் சுமார் 300 சதுர மீட்டர் வரை வெட்டலாம் என்று சொல்வது வழக்கம். அது உலர்ந்த, மெல்லிய, அடிக்கடி வெட்டப்பட்ட புல்லுக்கான கணக்கு. அடர்ந்த புல்லாக இருந்தால் பாதியாகக் குறையும். இதைச் சென்ட்டுக்கு மாற்றினால் ஒரு சென்ட்டுக்கு 20 முதல் 40 வாட்-அவர் வரை தேவை என்று வரும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைப் பையன்கூட வாடிக்கையாளருக்குச் சரியான பதில் சொல்லிவிடலாம்.

வீட்டுமுன் 2 சென்ட் புல்தரை என்றால் 72 வாட்-அவர் பேட்டரி ஒன்று போதும். அடர்ந்த புல்லானால் அதுவே இழுபறி. 4 சென்ட் என்றால் 144 வாட்-அவர் வேண்டும். 8 சென்ட், 10 சென்ட் என்றால் இரண்டு பேட்டரி வேண்டும்; அல்லது இரண்டு நாளாகப் பிரித்து வெட்ட வேண்டும். அரை ஏக்கர் தோப்பில் முழங்கால் உயரம் வளர்ந்த புதரை வெட்ட வேண்டும் என்று ஒருவர் வந்தால், “ஐயா, இது உங்களுக்கு உதவாது, பிரஷ் கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். அன்று கைநழுவுவது ஒரு விற்பனை. கிடைப்பது ஒரு குடும்பத்தின் நம்பிக்கை.

எனவே ஒரு பெட்டியை எடுத்துக் கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேட்போம். புல்தரை எத்தனை சென்ட்? என்ன புல்? எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுகிறீர்கள்? தரை மட்டமா, சரிவா?

புல்லின் வகையும் முக்கியம். கொரியன் புல் மெல்ல வளரும். ஆனால் அடர்ந்து மெத்தையாகப் படியும். அருகம்புல் வகையைச் சேர்ந்த பெர்முடா வெயிலில் வேகமாக வளரும்; அடிக்கடி வெட்ட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவியுள்ள கிக்குயூ புல் மழை பெய்தால் கனத்துப் போகும். சிறிய பேட்டரி அங்கே திணறும். மதுரையில் சரியாக ஓடிய அதே இயந்திரம் குன்னூரில் பாதியில் நின்றுவிட்டது என்று புகார் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வீட்டில் ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டியவை

விற்றபின் வரும் புகார்களில் பெரும்பகுதி இயந்திரக் கோளாறால் வருவதல்ல. பயன்படுத்தும் முறை தெரியாததால் வருவது. பில் போடும்போது ஐந்து நிமிடம் நின்று விளக்கினால் புகார் பாதியாகக் குறையும். சொல்ல வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல.

புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. ஒரு மாதம் விட்டுவிட்டு ஒரே நாளில் அடியோடு வெட்ட முயன்றால் புல்லும் கருகும், பேட்டரியும் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். வளர்ந்துவிட்ட புல்லை முதலில் கத்தியை உயர்த்தி வைத்து ஒருமுறையும், இரண்டு மூன்று நாள் கழித்துத் தாழ்த்தி வைத்து மறுமுறையும் வெட்ட வேண்டும்.

பனியிலும் மழையிலும் நனைந்த புல்லை வெட்டக்கூடாது. காலை வெயில் ஏறிப் புல் உலர்ந்தபின் வெட்டுவது நல்லது. ஓட்டுமுன் தரையில் கிடக்கும் கல், குச்சி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். செருப்பில்லாத காலுடனோ வீட்டுச் செருப்புடனோ ஓட்டக்கூடாது. மூடிய காலணி வேண்டும்.

அடிப்பாகத்தைத் துடைக்கவோ கத்தியைத் தொடவோ முற்படுமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் இயந்திரம் இரைச்சலால் தான் விழித்திருப்பதை அறிவிக்கும். பேட்டரி இயந்திரம் சத்தமின்றி நிற்கும். அதனால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கைப்பிடியை விட்டவுடன் கத்தி நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் நடந்து தள்ளும் புல்வெட்டிகளுக்கு, கையை எடுத்த 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்ற விதி 1982 முதல் உள்ளது. நம் கடைக்கு வரும் பெட்டியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கலாமே! கத்தி அதற்குமேல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதே முறை.

வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிக் கழுவக்கூடாது. தூரிகையால் தட்டி, துணியால் துடைத்தால் போதும். கத்தி மழுங்கினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். “பேட்டரி நிற்கவில்லை” என்று வருபவரிடம் முதலில் கத்தியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல நேரம் சாணை பிடித்தாலே சரியாகிவிடும்.

நம் ஊரில் பேட்டரிக்கு முதல் எதிரி வெயில். ஓட்டி முடித்தவுடன் சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடக்கூடாது. அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். பெரும்பாலான பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய உச்ச வெப்ப அளவு 40 அல்லது 45 டிகிரி என்றே குறிப்பேட்டில் இருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையும் மூடிய காரும் அதைத் தாண்டிவிடும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் முழுச் சார்ஜிலும் வைக்கக்கூடாது, காலியாகவும் வைக்கக்கூடாது. பாதியளவில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்துச் சொல்வதைவிடப் பழகிச் சொல்வது மேல். இந்தச் சரக்கை வாங்கி விற்க நினைக்கும் வணிகர், முதல் இயந்திரத்தைத் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நான்கு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை சென்ட் வெட்டியது என்று குறித்து வைக்கட்டும். “எங்கள் வீட்டில் இவ்வளவு ஓடுகிறது” என்று ஒரு கடைக்காரர் சொல்லும் சொல்லுக்கு ஈடான விளம்பரம் உலகில் இல்லை.

சரக்கறையில் கவனம்

பேட்டரியை ஆணி, தாழ்ப்பாள் போல வாங்கி அடுக்கிவிட முடியாது. அது உயிருள்ள சரக்கு. அலமாரியில் கிடக்கும்போதும் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். முற்றிலும் இறங்கிப் போனால் மீண்டும் சார்ஜ் ஏறாமலே போகலாம். ஆகவே தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் நிலையைப் பார்க்க வேண்டும். தகரக் கூரைக் கோடவுனில் பேட்டரியை வைக்கக்கூடாது. கீழே விழுந்து விரிசல் கண்டதும், உப்பியதுமான பேட்டரிகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ‘தள்ளுபடி விலை’ என்று விற்கவே கூடாது. தீப்பிடித்தால் நஷ்டம் ஒரு பேட்டரியோடு நிற்காது.

வெளியூருக்கு அனுப்பும்போதும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். லித்தியம் அயன் பேட்டரி, போக்குவரத்து விதிகளின்படி அபாயப் பொருள் பட்டியலில் உள்ளது. தனிப் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ‘உதிரி பாகம்’ என்று பொதுவாக எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைப்பது ஆபத்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

“நாம் தயாரிக்கவில்லை, வாங்கி விற்கிறோம், பெட்டியில் உள்ளதற்கு நாம் எப்படிப் பொறுப்பு?” என்று கேட்பவர்கள் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். அதன் 86-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் எப்போதெல்லாம் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று பட்டியலிடுகிறது. பொருளைப் பூட்டிக் கொடுப்பதிலோ சோதிப்பதிலோ தக்க கவனம் செலுத்தாமல் அதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் அதனால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் பொறுப்பு.

அதே சட்டத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்குள் லேபிளும் மேலுறையும் பில்லும்கூட அடக்கம். ஆகவே பில்லில் ‘88 வோல்ட்’ என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது பெட்டியின் பொய்யாக மட்டும் நிற்காது. நம் கையெழுத்திட்ட பொய்யாகிவிடும்.

பாதுகாப்பாக இருக்க வழி எளிது. இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விற்பனை விலை, மாதமும் ஆண்டும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 குறியும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாங்கியதற்கு முறையான பில் வைத்திருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பழைய பேட்டரிக்கும் விதி உண்டு. ஈய-அமில பேட்டரிக்கென இருந்த 2001-ஆம் ஆண்டு விதிகளை நீக்கி, எல்லா வகைப் பேட்டரிக்கும் பொருந்தும் கழிவு மேலாண்மை விதிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் கொண்டுவந்தது. செத்த பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கும் கடமை பயன்படுத்துவோருக்கு உண்டு. இருவருக்கும் நடுவே இருப்பது நம் கடை. பழைய பேட்டரி போட ஒரு பெட்டியை வாசலில் வைத்தால், செத்த பேட்டரியோடு வருபவர் புதிய பேட்டரியோடு போவார்.

மலிவு விலைக்கு மறுமொழி

“நாங்கள் உண்மையைச் சொல்லி 72 வாட்-அவர் என்று விற்றால், பக்கத்துக் கடையில் 88 வோல்ட் என்று பாதி விலைக்கு விற்கிறார்களே, ஆன்லைனில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே, நாங்கள் என்ன செய்வது?” என்பது பல வணிகர்களின் கவலை. இக்கவலையை நாம் அலட்சியப்படுத்தவில்லை. வாடகையும் கூலியும் மின்கட்டணமும் கொடுத்துக் கடை நடத்துபவருக்கு ஒவ்வொரு விற்பனையும் முக்கியம். முதல் நாள் விற்பனையில் பொய் எண் வெல்லக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தச் சரக்கின் வியாபாரம் முதல் நாளோடு முடிவதில்லை. கத்தி மாற்ற வேண்டும், இரண்டாவது பேட்டரி வேண்டும், சார்ஜர் பழுதாகும். ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் பேட்டரியை வாங்கியவர் அதே பேட்டரியில் ஓடும் டிரில், வேலி கத்தரிக்கும் கருவி, இலை ஊதி என்று அதே வரிசையில்தான் தொடர்ந்து வாங்குவார். ஏனெனில் ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றில் பொருந்தாது. பேட்டரி விற்றவர் அடுத்த ஐந்து ஆண்டு வாடிக்கையைச் சேர்த்தே விற்கிறார். பொய் எண்ணைச் சொல்லி விற்றவருக்கு அந்த ஐந்து ஆண்டும் இல்லை. வாங்கியவர் மறுமாதம் திரும்பி வருவார். வாங்குவதற்கு அல்ல, சண்டைக்கு.

ஆன்லைன் நிறுவனம் விலையைக் குறைக்கலாம். கைப்பிடியைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, கத்தியைச் சாணை பிடித்து, “நாளைக்கு வந்து என்னவென்று பார்க்கிறேன்” என்று சொல்ல அதனால் முடியாது. நாமும் அதைச் செய்யாமல் பெட்டியை எடுத்து நீட்டுவதோடு நிறுத்திக்கொண்டால், வாடிக்கையாளர் நம்மிடம் வந்து கூடுதல் விலை கொடுக்கக் காரணமே இல்லை. நம்மிடம் இருப்பது நாணயமும் முகப்பழக்கமும்தான். அவற்றை 88 என்ற ஒட்டுத்தாளுக்கு விற்றுவிட்டால் பிறகு விற்க என்ன இருக்கும்?

நம் கோரிக்கைகள்

இவ்விஷயத்தில் வணிகர் அமைப்புகள் ஒரே குரலில் சில கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, பேட்டரிக் கருவிகளின் பெட்டிமேல் வாட்-அவர் அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். எண்ணெய் டின்னில் லிட்டர் போடுவது கட்டாயம் என்றால் இதுவும் கட்டாயமாகட்டும்.

இரண்டாவது, ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதன் பேட்டரியும் சார்ஜரும் கத்தியும் கிடைக்க வேண்டும். இது நடவாத காரியமல்ல. ஐரோப்பிய யூனியன் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், சாதனத்தின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்றும், மாடலின் கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்தபின் 5 ஆண்டு வரை மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்றும் கூறி, அதற்கு 2027 பிப்ரவரியைத் தொடக்கமாகக் குறித்தது. நம் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கி, அதில் விவசாயக் கருவிகளையும் ஒரு துறையாகச் சேர்த்தது. அந்த எண்ணம் சட்டமாக வலுப்பெற வேண்டும்.

மூன்றாவது, பேட்டரிகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஐரோப்பாவில் மெட்டாபோ நிறுவனம் முன்னின்று 2018-இல் பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே பேட்டரியில் ஓடும் கூட்டமைப்பைத் தொடங்கியது. இங்கும் அப்படி வந்தால் சிறு கடைக்காரர் பத்து நிறுவனத்துக்குப் பத்து விதப் பேட்டரி என்று முதலை முடக்க வேண்டியதில்லை.

இக்கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாட்-அவரைப் பெருக்கிப் பார்த்து ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் மேல் மாட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. “இது இத்தனை வாட்-அவர், இத்தனை சென்ட்டுக்குப் போதும்” என்று இரண்டே வரி. ஊரில் பத்துக் கடைகள் இப்படி எழுதி மாட்டிவிட்டால், பதினோராவது கடைக்குப் போகும் வாடிக்கையாளர் தாமாகவே கேட்பார்: “இங்கே ஏன் எழுதவில்லை?” அந்தக் கேள்வி எழும் நாளில் பொய்ப் பெட்டிகள் தாமாகச் சந்தையைவிட்டு வெளியேறும்.

வரும் மாதக் கொள்முதலுக்குச் செல்லும் ஒவ்வொரு வணிகரும் ஒரு பேட்டரியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.